கச்சிராயபாளையம் சாலையில் வாங்கிய கையெழுத்து

நான் வேலையை விட்டு வந்த அடுத்த மாதம், கடலூர் அலுவலகத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் மாலதி ஒரு தாளை ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தாள். கப்பல் வாடகை ஒப்பந்தங்களில் வரும் சுருக்கப் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இடம் விட்டிருந்தாள். கீழே ஒரு வரி: “நேர்ல கேட்டா நீங்க பேச மாட்டீங்க சார், அதான் எழுதிக் கேக்கறேன்.”

உண்மைதான். முப்பது வருஷ வேலையில் நான் பேசியதைவிட எழுதியதுதான் அதிகம்.

பெரும்பாலானவற்றை அரைமணி நேரத்தில் நிரப்பிவிட்டேன். லேகேன் என்றால், கப்பல் வந்து சேரவேண்டிய முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடைப்பட்ட நாட்கள். அதைத் தாண்டி வந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய நமக்கு உரிமை உண்டு. என்.ஓ.ஆர். என்பது, ‘வந்துவிட்டேன், சரக்கு ஏற்றத் தயார்’ என்று கேப்டன் எழுத்தில் தரும் அறிவிப்பு. லே டைம், ஏற்றி முடிக்க நமக்குக் கொடுத்திருக்கும் நேரம். அது தீர்ந்த பிறகும் கப்பல் நின்றால் நாம் கட்டும் தண்டம் டிமரேஜ். எஸ்.ஓ.எஃப். என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ். கப்பல் வந்ததிலிருந்து போகும்வரை நடந்ததை நடந்த நேரத்தோடு எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும் காகிதம். பொருள் அவ்வளவுதான். ஆனால் மாலதிக்கு அந்த ஒரு வரி போதாது என்று தோன்றியது. அதனால் இதை எழுதுகிறேன்.

பத்தாவது முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, கள்ளக்குறிச்சியில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் குடோனில் டாலி கிளார்க்காகச் சேர்ந்தேன். கல்வராயன் மலை அடிவாரத்தில் விளையும் மரவள்ளிக் கிழங்கைச் சீவி, வெயிலில் காயவைத்து விற்பார்கள். வெளிநாட்டில் மாட்டுத் தீவனத்துக்கு அந்தச் சீவல் போகும். கச்சிராயபாளையத்தில் மூட்டை பிடித்து, லாரியில் கடலூருக்கு அனுப்பி, அங்கிருந்து தோணியில் கொண்டுபோய், கடலில் தள்ளி நங்கூரமிட்டிருக்கும் கப்பலில் ஏற்றவேண்டும். மூட்டைகளை எண்ணுவதில் தொடங்கி, ஆறு வருஷத்தில் ஒப்பந்தக் காகிதங்களைக் கையாளும் அளவுக்கு வந்திருந்தேன்.

அதற்குக் காரணம் எங்கள் மேனேஜர் எத்திராஜ் சார். சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். எதை எழுதுவதற்கு முன்பும் கையைத் திருப்பி மணி பார்ப்பார். குடோன் கூட்டுகிற அம்மாளையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். எங்கள் காகிதத்தில் தவறு இருந்தால் ஒரு விரலால் அதை மேசை மேல் எங்கள் பக்கம் தள்ளிவிடுவார். எங்கே தவறு என்று சொல்லமாட்டார். நாமே கண்டுபிடிக்கவேண்டும்.

அவர் வைத்திருந்த விதிகள் மூன்று. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதவேண்டும். பார்த்த நேரத்தை எழுதவேண்டும். கடைசியாக, எதிர்த்தரப்பின் கையெழுத்தை வாங்கவேண்டும். “நம்ம ஆளு கையெழுத்து ஆயிரம் இருந்தாலும் அது நம்ம பேச்சு. எதிராளி கையெழுத்து ஒண்ணு இருந்தா அது சாட்சி” என்பார். மழை பெய்து ஏற்றுவது நின்றால், நின்ற நிமிஷத்தை எழுதி, கப்பல் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் எங்கள் ஆட்கள் ஒதுங்கலாம். அப்படி எத்தனையோ முறை நனைந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து உழவர் சமூகத்தினர் சாலை மறியலில் இறங்கிய வாரம், கடலூரில் எங்கள் கப்பல் பாதிச் சரக்கு ஏறிய நிலையில் நின்றுகொண்டிருந்தது. லே டைம் ஓடிக்கொண்டிருந்தது. மீதிச் சரக்கு கச்சிராயபாளையத்தில் முந்தின இரவே மூட்டை ஏற்றிய லாரிகளில் இருந்தது. காலை ஆறு மணிக்குச் சாலைகளின் குறுக்கே மரங்கள் சாய்ந்தன. எட்டு மணிக்கு டெலிபோனும் செத்துவிட்டது. தந்தியும் போகவில்லை.

எத்திராஜ் சார் ஒப்பந்தத்தை விரித்து ஒரு பிரிவை எனக்குக் காட்டினார். கலவரம், மறியல் போன்றவற்றால் சரக்கு துறைமுகத்துக்கு வரமுடியாவிட்டால் அந்த நேரம் லே டைமில் சேராது. ஆனால், அது தொடங்கிய நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கப்பல் ஏஜென்ட்டின் கையில் எழுத்தில் அறிவிப்பு சேரவேண்டும். கூடவே, நடந்த இடத்திலிருந்து ஓர் அத்தாட்சியும் வேண்டும்.

“நாப்பத்தெட்டுன்னா நாளன்னிக்குக் காலைல ஆறு மணி வரைக்கும் இருக்குதுங்களே” என்றேன்.

“ஏஜென்ட் ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க ஏழுமலை. அஞ்சுக்கு மேல குடுத்தா மறுநாள் ஒம்பது மணிக்குக் குடுத்ததாத்தான் எழுதுவாங்க. நமக்கு நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான்.”

அத்தாட்சி கேட்டு ஓர் அரசு அதிகாரியைப் போய்ப் பார்த்தார். சாலைகள் திறந்திருப்பதாக மேலே அறிக்கை போயிருக்கிறது, மாற்றி எழுதித்தர இயலாது என்று அவர் கைவிரித்துவிட்டார். திரும்பி வந்த எத்திராஜ் சார் என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீங்க போயி நேர்ல பாருங்க. நேரம் எழுதுங்க. கையெழுத்து வாங்கிக்கினு வாங்க.”

யாருடைய கையெழுத்து என்று அவர் சொல்லவில்லை. லாரி டிரைவர் யாராவது போட்டிருந்தால் போதும். எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் வேலையில் கையெழுத்து என்றால் எதிர்த்தரப்பின் கையெழுத்து. மறியலில் எதிர்த்தரப்பு யார்? மறிக்கிறவர்கள். அப்படித்தான் என் புத்தி போயிற்று. வேறு வேலை பார்க்கும் எவனும் இந்தத் தவற்றைச் செய்திருக்கமாட்டான்.

கச்சிராயபாளையம் சாலையில் சைக்கிளில் போனேன். ஒரு திருப்பத்தில் பெரிய புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. அந்தப் பக்கம் எங்கள் லாரிகள் வரிசையாக நின்றன. இந்தப் பக்கம் முப்பது பேர் இருப்பார்கள்.

“யார்ரா அது? எறங்குடா கீழ!”

“சீவல் கம்பெனி கிளார்க்குங்க.”

“கம்பெனிக்கு இன்னிக்கு லீவு. ஊருக்கே லீவு. போய்ப் படு.”

“லாரிய ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேங்க.”

“இன்னாத்துக்குப் பாக்கணும்? ஓடியா பூடும்?” எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் நெருங்கி வந்து, எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் தெருவைக் கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அவர்கள் சமூகம் இல்லை. தெருப் பெயரைச் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கலியமூர்த்தி வந்தார். எங்களுக்குச் சீவல் போடுகிற விவசாயி. “அவர வுடுங்கடா. நம்ம கம்பெனி ஆளு. எடை போடறப்பகூட மூஞ்சிய நிமுத்திப் பாக்காத மனுசன். இவரா வந்து மறியலக் கெடுக்கப் போறாரு?”

“அண்ணே, உங்க சீவலும் மூணாவது லாரில இருக்குதுங்களே” என்றேன்.

“இருக்கட்டும். என் சரக்க நானே மறிச்சிக்கினு நிக்கறேன். உனுக்கு இன்னா கஷ்டம்?”

விஷயத்தைச் சொன்னேன். கப்பல்காரர்கள் நம்பவேண்டுமானால், சாலை மறிக்கப்பட்டது உண்மை என்று ஒருவர் எழுத்தில் தரவேண்டும்.

“ரோடு தொறந்து கெடக்குதாம், ரேடியோல சொல்லிட்டான்” என்றான் ஒருவன். “இவுருகிட்ட எழுதிக் குடுத்தாத்தான் நெசமாவும் போல.”

கலியமூர்த்தி சிரிக்கவில்லை. “இது எங்க போவும்?”

“கடலூருக்குங்க. அங்கிருந்து கப்பலுக்கு. தகராறு வந்தா பஞ்சாயத்துக்கு லண்டனுக்கும் போவும்.”

“லண்டனுக்கா?” என்று மரத்தைத் திரும்பிப் பார்த்தார். “எழுது. எங்க புள்ளைங்களுக்குப் படிப்பும் வேலையும் வேணும்னு, காலைல ஆறு மணிக்கு மரத்தச் சாச்சி மறிச்சோம். யாரும் தூண்டல. நாங்களாத்தான் செஞ்சோம்.”

“மறிச்சோம்னு மட்டும் இருந்தாப் போதும்ங்க.”

“உனுக்குப் போதும். எனுக்குப் போதாது. நான் சொல்றத எழுது.”

எழுதினேன். பெயர், தகப்பனார் பெயர், ஊர், பார்த்த நேரம் பத்து இருபது. என் முதுகில் தாளை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டார். பேனா முனை சட்டைக்கு மேலேயே உறைத்தது.

எத்திராஜ் சார் அதைப் படித்துவிட்டு மணியைப் பார்த்தார். காகிதத்தை என் பக்கம் தள்ளவில்லை. அறிவிப்பை அவரே டைப் செய்து, இரண்டையும் மூட்டைக் கணக்கெழுதும் டாலி புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் விடியும்போது கிளம்பினேன். தியாகதுருகம், எலவனாசூர், உளுந்தூர்பேட்டை வழியாகக் கடலூர். பஸ்ஸில் நான்கு மணி நேரம் ஆகும் சாலை. மரம் கிடந்த இடங்களில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினேன். முதலில் மரங்களை எண்ணினேன். தியாகதுருகம் தாண்டியதும் விட்டுவிட்டேன். சில இடங்களில் தண்ணீர் கொடுத்தார்கள். ஓரிடத்தில் டயரில் இருந்த காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். வழியெல்லாம் பேச்சு ஒன்றுதான். அங்கே போலீஸ்காரர்கள் சுட்டார்களாம், இங்கே பிடித்துக்கொண்டு போனார்களாம், வீடு வீடாகப் பேர் எழுதுகிறார்களாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் தேடும் பேர்களில் ஒன்று, தகப்பன் பேரோடும் ஊரோடும், ‘நாங்களாத்தான் செஞ்சோம்’ என்ற வரியோடும் என் சைக்கிள் கேரியரில் இருந்தது.

உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு பாலத்தருகே போலீஸ் நின்றது. திரும்பிப் போகமுடியாது. பார்த்துவிட்டார்கள்.

“எங்கேருந்துடா வர?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“கள்ளக்குறிச்சிங்க.”

“கச்சிராயபாளையம் ரோட்டுல மரத்த வெட்டுனது யாரு?”

“நான் சீவல் கம்பெனி கிளார்க்குங்க.”

“அத நான் கேக்கல.” டாலி புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். மேலே இருந்தது அறிவிப்பு. கலியமூர்த்தியின் தாள் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்கு நடுவில். “இன்னாய்யா இது, என்.ஓ.ஆர்., லே டைம்? எதுனா சங்கேதமா?”

என் வாழ்க்கையில் நான் அதிகம் பேசியது அந்தப் பத்து நிமிஷம்தான். கப்பல் வந்து அறிவிப்புக் கொடுப்பதில் ஆரம்பித்தேன். கொடுத்த நேரத்திலிருந்து எத்தனை மணி கழித்து லே டைம் தொடங்கும், ஞாயிற்றுக்கிழமை ஏன் சேராது, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்துவிட்டால் ஏன் சேரும், மழை நாளை எப்படிக் கழிப்பார்கள், தூறலுக்குக் கழிப்பார்களா என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பத் திருப்ப, அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் விளக்கம் சொன்னேன். நிறுத்தினால் அவர் வேகமாகத் திருப்பிவிடுவார் என்று பயம்.

“இருய்யா, இருய்யா. கப்பல் சும்மா நின்னுகினு இருந்தா அதுக்கும் துட்டா?”

“ஆமாங்க. டிமரேஜுங்க.”

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் பெருமூச்சு விட்டார். “நாமளும் நேத்துலேருந்து நின்னுகினுதான் கீறோம் சார். ஒரு டீக்குக்கூட வழியக் காணோம்.”

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பாதிக்கு மேல் திருப்பியிருந்த புத்தகத்தை மூடி என் மார்பில் தட்டிக் கொடுத்தார். “போ. போயி கப்பல நிறுத்து.”

நூறு அடி நடந்த பிறகும் சைக்கிளில் ஏறமுடியவில்லை. தள்ளிக்கொண்டே போனேன்.

இன்னும் எத்தனை இடத்தில் நிறுத்துவார்களோ என்று யோசித்தேன். நிறுத்தாமலே போனாலும்? அத்தாட்சி என்று கொடுத்த காகிதத்துக்கு ஐந்து பிரதி எடுப்பார்கள். கப்பலுக்கு, ஏஜென்ட்டுக்கு, சரக்கு வாங்கியவருக்கு, எங்களுக்கு, வக்கீலுக்கு. ஐந்து பிரதி போகும் காகிதத்தை யாரும் ஒளித்துவைக்க முடியாது. அதில் ஒன்று எங்கே போய்ச் சேரும் என்று யார் கண்டது? இன்னொரு பக்கம், அது இல்லாமல் போனால் நான் கொண்டுபோகும் அறிவிப்பு வெறும் எங்கள் பேச்சு. ஆறு வருஷம் என்னை நம்பிக் காகிதம் கொடுத்தவர் நேற்று அதைத் திருப்பித் தள்ளாமல் வாங்கி வைத்தாரே என்றும் நினைத்தேன்.

பண்ருட்டிக்கு அருகே கெடிலம் ஆற்றுப் பாலத்தில் நின்று, தாளை நான்காக, எட்டாக, இன்னும் சிறியதாகக் கிழித்துத் தண்ணீரில் விட்டேன். கையெழுத்து இருந்த துண்டு கடைசியாகப் போயிற்று.

ஏஜென்ட் அலுவலகத்தில் நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு நாற்பது. லாரன்ஸ் என்ற அதிகாரி அறிவிப்பை வாங்கி, நேரத்தை எழுதி, ‘பெறப்பட்டது, ஏற்கப்படவில்லை’ என்று முத்திரை போட்டார். காகிதம் வந்தது உண்மை, அதில் இருப்பதற்குப் பொறுப்பில்லை என்று பொருள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

“அத்தாட்சி எங்க?”

“நான்தாங்க. நேர்ல பாத்தேன்.”

“நீங்க கம்பெனி ஆளு.”

“ஆமாங்க.”

“அப்ப அது அத்தாட்சி இல்லயே, ஏழுமலை” என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மரம், லாரிகள், பத்து இருபது. மறித்தவர்கள் யார் என்ற இடத்தில் ‘பொதுமக்கள்’ என்று எழுதினேன்.

சாலை திறந்ததும் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி எத்திராஜ் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கையைத் திருப்பி மணி பார்த்தார். எதற்கென்று தெரியவில்லை.

“இன்னா மணிக்குக் கிழிச்சீங்க?”

“ரெண்டரை இருக்கும்ங்க.”

“இருக்கும்னா?”

“பாக்கலைங்க.”

குரல் இன்னும் இறங்கியது. “கலியமூர்த்திக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

மாதக்கணக்கில் கப்பல்காரர்களுக்கும் எங்களுக்கும் இடையே கடிதங்கள் போய் வந்தன. கம்பெனி ஊழியரின் வாக்குமூலத்தை மட்டும் வைத்து முழு நேரத்தையும் கழிக்கமுடியாது என்று, மறியல் நாட்களில் பாதியைத்தான் ஒத்துக்கொண்டார்கள். மீதிக்கு டிமரேஜ் கட்டவேண்டி வந்ததால் முதலாளி சத்தம் போட்டார். தான் காகிதத்தைச் சரியாகத் தயார் செய்யவில்லை என்று எத்திராஜ் சார் எழுதிக் கொடுத்துவிட்டார். எதிரில் உட்கார்ந்து அதை டைப் அடித்தது நான்தான்.

மாசி மாதம் புதுச் சீவல் வரத் தொடங்கியது. கலியமூர்த்தி தன் மூட்டைகளோடு வந்தார். போலீஸ் அவரைத் தேடி வரவே இல்லை. எடை போட்டு முடித்ததும் என் மேசைக்கு வந்து, சுற்றியிருந்த ஆட்களுக்கும் கேட்கும்படி கேட்டார்.

“இன்னா கிளார்க்கு, என் கையெழுத்து லண்டன் போச்சா?”

பொய் சொல்லியிருக்கலாம். எத்திராஜ் சார் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லண்ணே. வழியில போலீஸ் இருந்துது. உங்களுக்கு ஆபத்துன்னு கிழிச்சிப் போட்டுட்டேன்.”

“எங்க?”

“கெடிலத்துல.”

“என்னப் புடிச்சிக்கினு போவான்னு எனுக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான்யா போட்டேன். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிகீறேன், நம்ம கேட்டது கடல் தாண்டிப் போயிருக்குதுன்னு.”

“உங்க நல்லதுக்குத்தான்...”

“எங்க நல்லது எங்களுக்குத் தெரியாதுன்னுதான் எல்லாரும் சொல்றான். நீயுமா?” பிறகு கேட்டார்: “அப்ப அங்க இன்னாதான் எழுதிக் குடுத்த?”

“பொதுமக்கள் மறிச்சாங்கன்னு.”

“பொதுமக்கள்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எடைச் சீட்டை அவர் முன் வைத்துப் பேனாவை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. மேசை மேல் இருந்த மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, இடது கட்டைவிரலை அழுத்தி, சீட்டில் பதித்தார். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அந்தக் குடோனில் நான் வேலை பார்த்த கடைசி வருஷம் வரை, ஒவ்வொரு மாசியிலும் அவர் வந்தார், சீவல் போட்டார், சீட்டில் ரேகைதான் வைத்தார். ஒருமுறைகூடக் கையெழுத்துப் போடவில்லை.